பொத்தானில் பிழையில்லை என்று சொன்ன கடை

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருக்கும் இந்தச் சிறிய கணினி திருத்தும் கடையை நம்பிப் போகலாம். உறக்கநிலையிலிருந்து எழுப்பப் பவர் பொத்தானை அழுத்தினால், உபுண்டு என்ற இயங்குதளத்தில் ஓடும் என் மடிக்கணினியில் கடவுச்சொல் கட்டம் தெரிந்த மறுகணமே திரை கறுத்து மீண்டும் உறங்கிவிடும். வேறொரு கடையில் தாய்ப்பலகையையே மாற்றச் சொன்னார்கள். இது அநியாயம்.

இங்குள்ள தம்பி திருப்புளியைக் கையில் எடுக்கவே இல்லை. "அக்கா, பொத்தான் நன்றாகத்தான் இருக்கிறது. எழுப்பிய அதே அழுத்தத்தை, விழித்த பிறகு இயங்குதளம் புதிய கட்டளையாக எடுத்துக்கொள்கிறது" என்றார். எழுப்பும் அழுத்தம் எழுப்புவதோடு முடிந்துவிட வேண்டும். அதை மென்பொருள் இரண்டாம் முறை எண்ணக்கூடாது. அமைப்புகளில் பவர் பகுதியைத் திறந்து, பொத்தானுக்கு எந்தச் செயலும் வேண்டாம் என்று மாற்றினார். அப்படி மாற்றினாலும் எழுப்பும் வேலை நிற்காது, அதை வன்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று பலமுறை உறங்கவைத்து எழுப்பிக் காட்டினார். 4 செக்கனுக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மட்டும் எந்த அமைப்பையும் கேளாமல் கணினி அணைந்துவிடும், சேமிக்காத வேலை போய்விடும் என்றும் எச்சரித்தார்.

வாங்கியது சோதனைக் கட்டணம் மட்டுமே. இடம் நெருக்கடியானது, மாலையில் மாணவர் கூட்டம் அதிகம். காலையிலேயே போங்கள்.