சீஷெல்ஸா, மாலத்தீவா, ராஜா அம்பத்தா? படகுக்கு முன்பணம் கட்டும் முன்

ஒரு வாரத்துக்குச் சொகுசுப் படகை முழுசாக வாடகைக்குப் பேசி, ஆளில்லாத் தீவுகளாகப் பார்த்துச் சுற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முன்னால் பெரும்பாலும் வந்து நிற்கும் பெயர்கள் மூன்று: சீஷெல்ஸ், மாலத்தீவு, இந்தோனேசியாவின் ராஜா அம்பத். விளம்பரப் படத்தில் மூன்றும் ஒன்றுதான். பச்சை நீர், வெள்ளை மணல், நடுவில் தன்னந்தனியாக ஒரு படகு. நிஜத்தில் மூன்றும் மூன்று விதம்.

படகை யார் ஓட்டுவது என்பதிலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. சீஷெல்ஸில் நீங்களே ஓட்டலாம். பாய்மரப் படகு ஓட்டும் சான்றிதழும் அனுபவமும் இருந்தால் ஆளில்லாமல் படகை மட்டும் தருவார்கள். 'பேர்போட்' என்பது அதுதான். இல்லையென்றால் ஸ்கிப்பர் எனும் படகோட்டி ஒருவரைச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கேடமரன், அதாவது இரட்டை உடல் கொண்ட படகு கிடைக்கும். அதிகம் சாயாது என்பதால் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நிம்மதி. முக்கியத் தீவான மாஹேயிலிருந்து பிராலின் தீவுக்குச் சுமார் 45 கி.மீ., அங்கிருந்து லா டீக் தீவு கூப்பிடு தூரம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு நங்கூரம் போட்ட இடத்தில்.

மாலத்தீவில் நீங்களே ஓட்டும் பேச்சுக்கே அநேகமாக இடமில்லை. அங்கே பவளப்பாறைகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும். நீர்மட்டத்தை ஒட்டி வருவதை 'கிரி' என்றும், ஆழத்தில் கிடப்பதைத் 'திலா' என்றும் சொல்கிறார்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது நீரின் நிறத்தைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கும் உள்ளூர்க்காரர்கள் இல்லாமல் அந்தக் கடலில் நகர முடியாது. ஆகவே மாலுமி, சமையல்காரர் சகிதம் வரும் 'சஃபாரி போட்'தான். கூடவே டைவிங் சாமான்களைச் சுமந்துகொண்டு ஒரு தோணி பின்னாலேயே வரும். ஏற்பாடு வசதியானது, ஆனால் பாய் விரித்து ஓடும் சுகம் தேடுகிறவர் ஏமாந்துபோவார், ஏனென்றால் இவை எஞ்சின் படகுகள்.

ராஜா அம்பத்தில் கிடைப்பது 'பினிசி' என்ற மரப் பாய்மரக் கப்பல். இந்தோனேசியாவின் தெற்குச் சுலவேசிக் கடற்கரையில் இதைக் கட்டும் கலையை யுனெஸ்கோ 2017-இல் தன் பட்டியலில் சேர்த்தது. பார்க்க அத்தனை அழகு. ஆனால் பாய்கள் பெரும்பாலும் புகைப்படத்துக்குத்தான் விரிகின்றன.

பருவத்தைப் பார்க்காமல் தேதி குறித்தால் பணம் தண்ணீரில்தான். சீஷெல்ஸின் உள்தீவுகள் புயல் பாதைக்கு வெளியே இருக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். பாய்மரக்காரர்களுக்குக் கொண்டாட்டம், வாந்தி வருகிறவர்களுக்குத் திண்டாட்டம். ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும் கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் வெளுத்திருக்கும். ஆனால் பா என்ற அட்டோலின் (வளையமாகக் கிடக்கும் பவளத்தீவுக் கூட்டம்) ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருவது ஜூன் முதல் நவம்பர் வரை, அதாவது மழைக்காலத்தில். அங்கே காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கு அனுமதியில்லை, குழாய் வழியே மூச்சுவிட்டு மேலாக நீந்தும் ஸ்நார்க்கலிங் மட்டும்தான். திருக்கையும் வேண்டும், நீல வானமும் வேண்டும் என்றால் கிடைக்காது. ராஜா அம்பத்துக்கு அக்டோபரிலிருந்து ஏப்ரல். நடு ஆண்டில் காற்று திரும்பியதும் பல படகுகள் கொமோடோ பக்கம் போய்விடும்.

ஒதுக்குப்புறம் என்கிற விஷயத்தில்தான் விற்பவர்கள் அதிகம் விளையாடுகிறார்கள். சீஷெல்ஸ் என்றால் அல்டாப்ராவின் ராட்சத ஆமைப் படத்தைப் போடுவார்கள். அல்டாப்ரா மாஹேயிலிருந்து 1,100 கி.மீ.க்கும் அப்பால், தனி அனுமதி பெற்றுப் போகவேண்டிய இடம். ஒரு வாரப் பயணத்தில் அது வராது. ஆமைதான் பார்க்கவேண்டும் என்றால் பிராலினுக்குப் பக்கத்திலேயே கூரியூஸ் தீவில் அவை காலடியில் நடமாடுகின்றன. ஆனால் அங்கே பக்கத்தில் நாலு படகு நிற்கும். தனிமைதான் குறி என்றால் மாலத்தீவின் தெற்கு அட்டோல்களைக் கேளுங்கள். ஹுவாது, புலிச்சுறாக்களுக்குப் பேர்போன ஃபுவாமுலா, கடைசியாக அட்டு. வழியில் பூமத்திய ரேகையையும் தாண்டிவிடலாம். மாலேயைச் சுற்றிய கூட்டத்தில் பாதிகூட இருக்காது. ராஜா அம்பத் இன்னும் தூரம். ஜகார்த்தா போய், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் சோரோங் என்ற துறைமுக ஊருக்குப் போய்ப் படகேற வேண்டும். வடக்கே வயாக் தீவுகள், தெற்கே மிசூல் தீவு, நடுவே 200 கி.மீ.க்கு மேல் கடல். பத்து நாளுக்குக் குறைவாகப் போனால் ஒன்றைத்தான் பார்க்க முடியும். ராஜா அம்பத் இருக்கும் பாப்புவாவில் மலேரியா உண்டு, மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். டைவிங் பைத்தியம் இல்லாத குடும்பத்தை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது.

செலவைக் கல்யாண மண்டபக் கணக்காகப் பாருங்கள்: வாடகை தனி, மற்றதெல்லாம் தனி. பணியாளர்களோடு வரும் படகுகளில் ஏபிஏ என்ற முன்பணம் வாங்கும் வழக்கம் உண்டு. வாடகையில் 25 முதல் 35 சதவீதம். டீசல், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் அதிலிருந்து போகும், மிச்சம் திரும்பும். டிப்ஸ் இதில் சேராது. மாலத்தீவில் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விலை சொல்வார்கள், ஆனால் வரியைக் கேளுங்கள். 2025 ஜூலையிலிருந்து சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம். பசுமை வரி தலைக்கு ஒரு இரவுக்கு 12 டாலர். எட்டுப் பேர் ஏழு இரவு தங்கினால் அதுவே 672 டாலர்.

அறுபதாம் கல்யாணத்தைப் படகில் வைத்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாலத்தீவுக்குள் மது பாட்டிலும் கொண்டுபோக முடியாது, வழிபாட்டுச் சிலையும் கொண்டுபோக முடியாது. பையில் குட்டிப் பிள்ளையார் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சீஷெல்ஸில் அந்தத் தொல்லையில்லை. தலைநகர் விக்டோரியாவில் தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன, ஊருக்குள்ளேயே நவசக்தி விநாயகர் கோயிலும் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு, பருப்பும் மசாலாவும் வாங்கிக்கொண்டு படகேறலாம்.

பெரியவர்களும் குழந்தைகளும் கலந்த கூட்டம் என்றால் ஏப்ரலிலோ அக்டோபரிலோ சீஷெல்ஸ், ஸ்கிப்பரோடு கேடமரன். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் பார்க்கத் துடிக்கும் நாலு நண்பர்கள் என்றால் மாலத்தீவின் தெற்கு. எங்கே போனாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: வானிலை சரியில்லாமல் கேப்டன் வழியை மாற்றினால் பணம் திரும்புமா என்பது. அநேகமாகத் திரும்பாது.