மருந்து போட்டு நடக்கவிட்டு விற்ற குதிரை: வன்னியில் வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் கலியாண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் விடவென்று ஒரு குதிரை வாங்கப்பட்டது. லொறியால் இறங்கிய அன்று துள்ளி நடந்தது. மூன்றாம் நாள் காலை முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரம் முழுவதையும் பின்னங்காலில் போட்டபடி நின்றது. வைக்கோலுக்குக்கூட அடி எடுத்து வைக்கவில்லை. தரகரோடு கதைத்தால், "பயணக் களைப்பு. ரெண்டு சுத்து ஓடவிடுங்கோ, சூடேறினாச் சரிவரும். உடம்பு தேற புறொயிலர் தீவனம் போடுங்கோ" என்றார். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

அது களைப்பே அல்ல. லமினைட்டிஸ், குளம்புக்குள் வரும் அழற்சி. அதுவும் பழையது. குளம்பில் பூசியிருந்த எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியதும் அரத்தால் ராவிய கீறல்கள் தெரிந்தன. ராவியும் மறையாத வளையங்கள் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிப்பக்கம் அகன்றும் ஓடின. குழிந்திருக்க வேண்டிய உள்ளடி தட்டையாக இருந்தது. இவ்வளவும் ஒரு கிழமையில் வருவதில்லை, மாதக் கணக்காகும். விற்ற அன்று நன்றாக நடந்ததற்குப் பெரும்பாலும் வலிமருந்துதான் காரணமாக இருக்கும். பீனைல்பியூட்டசோன், புளூநிக்சின் போன்றவை ஓரிரு நாள் நொண்டலை மறைத்துவிடும், நோயை மாற்றாது.

வயதும் பொய். எட்டு என்று சொல்லி விற்றார்கள். மேல்வாயின் ஓர முன்பல்லில் ஒரு கபிலக் கோடு முரசிலிருந்து பாதிப் பல் வரை இறங்கியிருந்தது. அந்தக் கோடு ஏறக்குறைய 10 வயதில் முரசடியில் தொடங்கி, 15இல் பாதிக்கு வந்து, 20இல் பல்லின் நுனியைத் தொடும்.

ஓடவிடச் சொன்னதுதான் பெரிய கொடுமை. குளம்புக்குள் இருக்கும் எலும்பு, சுவரோடு மெல்லிய மடிப்புகளால் பிணைந்து தொங்குகிறது. அழற்சி வந்தால் அந்தப் பிணைப்பு தளரும். அந்த நேரத்தில் ஒவ்வொரு அடியும் அதைக் கிழிக்கும், எலும்பு சரிந்து உள்ளடியைக் கிழித்து வெளியே வரவும் கூடும். நடத்தவே கூடாது. நின்ற இடத்திலேயே அரையடிக்குக் குறையாமல் மணலோ மரத்தூளோ பரப்புங்கள். தவிடு, நெல், அரிசி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கோலும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள். புதிதாக வந்த நோயென்றால் குளம்பிலிருந்து அதற்கு மேலே தெரியும் முதல் மூட்டு வரை விடாமல் ஐஸ் வைக்க வேண்டும், முதல் 48 மணித்தியாலம் முக்கியம். மீன் வாடி ஐஸ் போதும். வலிமருந்தை வைத்தியர்தான் அளந்து கொடுக்க வேண்டும். உள்ளூர்க் கால்நடை வைத்தியருக்குக் குதிரை பழக்கமில்லை என்றால், பேராதனை மிருக வைத்திய பீடத்தில் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். எலும்பு சரிந்ததா என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

காலபோகம் வெட்டி வீட்டில் நெல் குவிந்திருக்கும் காலத்தில் நல்ல குதிரைக்கும் இது வரும். அவிழ்த்துக்கொண்டு போய் நெல்லை வயிறு முட்டத் தின்றால், நொண்டும்வரை பார்த்திருக்காதீர்கள். கால் வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். தின்றது தெரிந்த உடனேயே வைத்தியரைக் கூப்பிட்டு ஐஸையும் தொடங்குங்கள். வாயால் எண்ணெய் பருக்க வேண்டாம், சுவாசப்பைக்குள் போய்விடும்.

வாங்க முன் செய்ய வேண்டியது இது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு தரம் போய்ப் பாருங்கள். கட்டாந்தரையில் இரண்டு பக்கமும் சிறு வட்டமாகத் திருப்பி நடத்துங்கள், நோகும் முன்னங்கால் திரும்பும்போது தயங்கும். குளம்புக்கு மேலே தெரியும் அந்த முதல் மூட்டின் பின்புறம் இரு பக்கமும் விரல் வையுங்கள். சாதாரணமாக அங்கே நாடி மெல்லியதாகத்தான் தெரியும், பட்டுப்பட்டென்று அடித்தால் வாங்காதீர்கள். வலிமருந்து போட்டிருக்கிறார்களா என்று சோதிக்க, காசு கொடுக்க முன் வைத்தியரைக் கொண்டு இரத்தம் எடுத்து வையுங்கள். அதற்கு மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

புறொயிலர் தீவனம் பற்றி: கோழிகளின் இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கலப்பதுண்டு. கோழிக்குப் பாதுகாப்பான அளவே குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும், மாற்று மருந்து இல்லை. கோழித் தீவனச் சாக்கும் குதிரைத் தொட்டியும் ஒரே கொட்டிலில் இருக்கக் கூடாது. ஒரே வாளியால் அள்ளவும் கூடாது.