கமக்காரர் பெயர்ப் பட்டியலுக்கு லிப்ரே ஆபிஸின் எக்ஸ்லுக்அப்

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் கமக்காரர் அமைப்பின் பெயர்ப் பட்டியல் என் பொறுப்பில். பெயரைக் கொடுத்தால் அங்கத்துவ இலக்கமும் வயல் அளவும் வர வேண்டும், அவ்வளவுதான் தேவை.

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் விரிதாளில் முதலில் விலுக்அப் (VLOOKUP) என்ற தேடல் சூத்திரத்தைத்தான் பாவித்தேன். அதன் நான்காவது இடத்தில் பூச்சியம் போடாவிட்டால் பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும், வரிசையில் இல்லாத பட்டியலில் வேறு ஆளின் இலக்கம் சத்தமில்லாமல் வந்து நிற்கும். சிவலிங்கத்தாரின் வயல் அளவு சிவராசாவுக்குப் போய்விட்டது, நல்லவேளை உரப் பட்டியல் அனுப்பும் முன் கண்ணில் பட்டது.

லிப்ரே ஆபிஸ் 24.8 பதிப்போடு, 2024 ஓகஸ்டில், எக்ஸ்லுக்அப் (XLOOKUP) என்ற புதிய தேடல் சூத்திரம் வந்தது. இது தானாகவே சரியான பெயரைத்தான் தேடும், இடப்பக்க நிரலிலிருந்தும் விடை எடுக்கும், கிடைக்காவிட்டால் 'பதிவில் இல்லை' என்று நாமே எழுதி வைக்கலாம். காசும் இல்லை. மனதாரச் சொல்கிறேன், எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கு இது பெரிய உதவி.

ஆனால் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு இடைவெளி இருந்தாலே அது வேறு பெயர், அந்த இடைவெளியை ட்ரிம் (TRIM) சூத்திரம் போட்டு எடுங்கள். அப்புறம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பட்டியல்கள்: திரையில் 'கந்தசாமி' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, யுனிகோட் என்ற இன்றைய பொது எழுத்துக் குறியீட்டில் தட்டிய பெயரோடு ஒருநாளும் பொருந்தாது. முதலில் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். எனக்கு அதற்கே இரண்டு இரவு போனது.