சின்னக் கைகளுக்கு எந்தக் கத்தரிக்கோல்? ஒரு முன்பள்ளி அனுபவம்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் பல வருடமாகப் படிப்பிக்கிறேன். மூன்று வயதில் வரும் பிள்ளைகள் ஐந்து வயதில் முதலாம் ஆண்டுக்குப் போகிறார்கள். இந்தக் காலத்தில் அவர்கள் கையில் மூன்று வகைக் கத்தரிக்கோல் புழங்கியிருக்கிறது. எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை எழுதுகிறேன்.

முழுக்கப் பிளாஸ்டிக்கில் வருவதைத்தான் பெற்றோர் முதலில் வாங்குகிறார்கள். பாதுகாப்பு என்று நம்பி வாங்குவது. ஆனால் அது பேப்பரை வெட்டாது, இரண்டு அலகுக்கும் நடுவில் மடக்கிச் சப்பும். பிள்ளையோ தனக்குத்தான் வெட்ட வரவில்லை என்று நினைத்துக் கீழே வைத்துவிடும். அதற்காக அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கோதுமை மா இரண்டு கப், உப்பு ஒரு கப், கொஞ்சம் எண்ணெய், தண்ணீர் விட்டுப் பிசைந்து கயிறு மாதிரி உருட்டிக் கொடுத்தால், அதை வெட்டப் பிளாஸ்டிக் கத்தரிக்கோல்தான் சரி. உப்பு மாவில் இரும்பு அலகை வைத்தால் துருப்பிடித்துவிடும்.

ஸ்பிரிங் வைத்தது அமுக்கிவிட்டால் தானாகத் திறந்துகொள்ளும். சில பிள்ளைகளுக்கு மூட வரும், திறக்க வராது. அவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் எல்லோருக்கும் அதையே கொடுத்தால் திறக்கும் வேலையைக் கை பழகாது. நாங்கள் ஒன்றிரண்டு மட்டும் வைத்திருக்கிறோம். கொஞ்சம் பிடிபட்டதும் சாதாரணக் கத்தரிக்கோலுக்கு மாற்றிவிடுவேன்.

கடைசிவரை நின்றது முனை மழுங்கிய, ஸ்டீல் அலகுள்ள ஐந்து அங்குலக் கத்தரிக்கோல். அதற்கும் இந்தக் குளிர் ஆகாது. மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் மூட்டம் வகுப்புக்குள்ளேயே வந்து நிற்கும். திருகாணி இறுகி, பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கப் பார்க்கும். ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டு, நாலு தடவை திறந்து மூடி, அழுத்தித் துடைத்தால் போதும். துடைக்காவிட்டால் பேப்பர் முழுக்க எண்ணெய்க் கறை.

மழைக்காலத்தில் பேப்பரும் துவண்டு போகிறது. துவண்ட பேப்பர் பெரியவர்களுக்கே நேராக வராது. மெல்லிய பேப்பர்தான் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள்; பழகும் கைக்கு விறைப்பானதுதான் சுலபம். தேயிலைப் பெட்டி அட்டை, சவர்க்காரப் பெட்டி, போன வருடக் கலண்டர், பிரிஸ்டல் போர்ட் ஓரங்கள் எல்லாவற்றையும் மூடியுள்ள பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன். முதலில் ஒரு விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டிக் கொடுப்பேன். ஒரே வெட்டில் துண்டு விழும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! பிறகு அகலமான கீற்று, நேர்கோடு, வளைவு, வட்டம் என்று போகலாம். நாலு வயதில் நேர்கோட்டில் தடுமாறும் பிள்ளையை வட்டத்துக்கு இழுப்பதில் பிரயோசனமில்லை.

பிடிக்கும் முறைக்கு நான் செய்வது இதுதான். பெருவிரல் நகத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவேன். “வெட்டும்போது பொட்டு உங்களப் பாக்கணும்” என்றால் போதும். கை கவிழ்ந்ததும் பொட்டு மறையும். பிள்ளையே கையைத் திருப்பிக்கொள்ளும். முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். மற்றக் கைக்கு வேலை பேப்பரைத் திருப்புவது. வட்டம் வெட்டும்போது அலகு முன்னால் பார்த்தபடியே இருக்கும், பேப்பர்தான் சுற்றும்.

நான் அதிகம் கவலைப்படுவது இடது கைப் பிள்ளைகளைப் பற்றி. பேரனைக் கூட்டிவந்த ஒரு அப்பாயி, “டீச்சர், நொட்டாங்கையால வெட்டுறான், சோத்துக்கைக்கு மாத்தி விடுங்க” என்றார். “இல்ல அப்பாயி, கை சரியாத்தான் இருக்கு. கத்தரிக்கோல்தான் அவனுக்குச் செஞ்சதில்ல” என்று சொல்லி, இடது கைக் கத்தரிக்கோலை அவனிடம் கொடுத்தேன். அதே அட்டை, அதே கோடு. இந்தத் தடவை வெட்டுப்பட்டது. சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால், விரல் அமுக்கும் விசையே அலகுகளை விலக்கிவிடும். மேல் அலகு கோட்டையும் மறைக்கும். இடது கைக்கானதில் அலகுகள் மாறி இருக்கும். பிடியை மட்டும் இரண்டு கைக்கும் பொதுவாகச் செய்து, அலகை மாற்றாமல் விற்பதும் உண்டு. அது இந்தப் பிள்ளைகளுக்கு உதவாது. ஹட்டன் கடைகளில் சரியானதைத் தேடி அலைய வேண்டியிருந்தது, ஆனாலும் ஒவ்வொரு முன்பள்ளியிலும் ஒன்றாவது இருக்கத்தான் வேண்டும்.

விரலில் பலமில்லாத பிள்ளைக்கு எந்தக் கத்தரிக்கோலும் உடனே வராது. கொடியில் உடுப்புக் கிளிப் மாட்டுவது, பேப்பர் கிழித்து ஒட்டுவது, வீட்டில் ரொட்டி மா பிசையும்போது ஒரு உருண்டை கொடுப்பது, இவையெல்லாம் அதற்கு முந்திய பாடம். கொழுந்தெடுக்கும் அம்மாக்களிடம் இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து செய்யும் வேலை என்னவென்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாங்கப் போகிறவர்கள் ஒரு துண்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே வெட்டிப் பாருங்கள். அலகின் நுனிவரை வெட்ட வேண்டும், திருகாணி ஆடக் கூடாது. இடது கைப் பிள்ளை என்றால் பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.