20 எம்எஸ் லைனில் லாஸ், 240 எம்எஸ் லைன் சுத்தம்: எது வேகம்?

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் உட்கார்ந்து அமெரிக்க கிளையண்டுக்கு வீடியோ ஏற்றுகிற நம்மூர்க்காரர்கள் பலருக்கும் இதே புலம்பல்தான்: "பிளான் 200 எம்பிபிஎஸ், ஸ்பீடு டெஸ்ட்டும் 200 காட்டுது. ஃபைல் மட்டும் ஏன் ஊர்ந்து போகுது?" லைன்காரரைக் கேட்டால் 300 பிளானுக்கு மாறச் சொல்வார். மாறாதீர்கள். ஸ்பீடு டெஸ்ட் பெங்களூரிலேயே ஒரு சர்வரைப் பிடித்து, பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கிறது. உங்கள் ஃபைல் ஒற்றை இணைப்பில் கடல் தாண்டிப் போகிறது.

ஃபைல் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒரு பாக்கெட் தொலைந்தால் (இதுதான் லாஸ்), அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசிபி நெறிமுறை அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைப் பாதியாக்கும். பிறகு, பாக்கெட் போய் பதில் திரும்பும் சுற்றுக்கு ஒரு பாக்கெட் வீதம்தான் ஏற்றும். சுற்று நீளமென்றால் மீள்வதும் தாமதம். ஆராய்ச்சியாளர் மாத்திஸும் சகாக்களும் 1997இல் தந்த சூத்திரப்படி, பிங் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், எம்எஸ் எனும் மில்லிசெகண்டில்) பாதியானால் வேகம் இரட்டிப்பு. லாஸ் பாதியானால் 1.4 மடங்குதான்.

கணக்குப் போட்டால்: மும்பை சர்வர், பிங் 20, லாஸ் 1 சதவீதம் என்றால் சுமார் 7 எம்பிபிஎஸ். வர்ஜீனியா சர்வர், பிங் 240, லாஸ் 0.01 சதவீதம் என்றால் சுமார் 6. ஏறக்குறைய சமம்! தூரமும் லாஸும் சேர்ந்தால்தான் ஆபத்து: 240-இல் 1 சதவீதம் என்றால் 0.6-க்கு விழுகிறது. இது டிசிபியின் பழைய வகையான ரீனோவின் கணக்கு. லினக்ஸில் இப்போது இருக்கிற க்யூபிக் வகை நெடுந்தூரத்தில் இதைவிடத் தேவலை.

சூத்திரம் பிங்கின் பக்கம் பேசினாலும் என் ஓட்டு லாஸைக் குறைப்பதற்குத்தான். வர்ஜீனியா 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 130 எம்எஸ் ஆகும், அதைக் குறைக்க யாராலும் முடியாது. லாஸோ பெரும்பாலும் மடங்கிய கேபிளிலோ டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வைஃபை ரூட்டரிலோ இருக்கும். லேன் கேபிள் ஒன்று மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். இரண்டையும் தொட முடியாதவர்களுக்கு டிசிபியின் வேகத்தை வேறு விதமாகக் கட்டுப்படுத்தும் கூகுளின் பிபிஆர் (2016) உண்டு. ஒன்றிரண்டு பாக்கெட் போனதற்கெல்லாம் அது பதறாது. ஆனால் அனுப்புகிற மெஷினில் இருந்தால்தான் பலன்.

வீடியோ கால் தனிக் கதை: அங்கே தொலைந்த பாக்கெட்டுக்குக் காத்திருக்க நேரமில்லை, பிங் ஏறி இறங்கினாலே பேச்சு உடையும்.

லாஸ் எங்கே என்று பார்க்க முதலில் ரூட்டருக்கு பிங் கட்டளை போடுங்கள், அடுத்து வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரிலும் (ஹாப்) லாஸைக் காட்டும் எம்டிஆர் கருவியை சர்வருக்கு ஓட்டுங்கள். நடுவில் ஒரு ஹாப் மட்டும் 40 சதவீதம் காட்டினால் பயப்பட வேண்டாம். அந்த ரூட்டர் பிங்குக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான். ஒரு ஹாப்பில் தொடங்கி கடைசி வரை லாஸ் நீடித்தால் அதுதான் நிஜம். அந்த ஸ்க்ரீன்ஷாட் கையில் இருந்தால்தான் கஸ்டமர் கேரில் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதைத் தாண்டிப் பேச முடியும்.