போக்கிமான் ஷோடவுன்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஓர் அனுபவப் பகிர்வு

கற்பனை உயிரிகளை மோதவிடும் போக்கிமானைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள் வேலூர்ப் பக்கம் ஏராளமாக இருக்கிறார்கள். அதை விளையாட்டுக் கருவியிலோ கைப்பேசியிலோ கதையாக ஆடி முடித்தவர்களும் உண்டு. ஆனால், எதிரில் ஒரு மனிதர் இருக்க, அவர் அடுத்து என்ன செய்வார் என்று கணித்து ஆடும் போட்டி ஆட்டத்துக்குள் வந்தவர்கள் நானறிந்த வரை மிகச் சிலரே. அந்த ஆட்டத்தை நான் கற்றதும், இன்றும் கற்று வருவதும் போக்கிமான் ஷோடவுன் என்னும் இலவசத் தளத்தில்தான். சத்துவாச்சாரியில் வீட்டிலும், காட்பாடியிலிருந்து அரக்கோணம் செல்லும் காலை ரயிலிலும் பல ஆண்டுகளாக அதில் ஆடி வருபவன் என்ற முறையில், அது எதைக் கற்றுத் தருகிறது, எதை ஆடுபவரின் பொறுப்பில் விட்டுவிடுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

2011 இல் தொடங்கப்பட்ட ஷோடவுன், உலாவியிலேயே இயங்கும் ஒரு போர்க்களம். இருவர் ஆளுக்கு ஆறு போக்கிமான்களோடு வந்து, ஒவ்வொரு சுற்றிலும் தாக்கியோ களத்தில் நிற்பதை மாற்றியோ மோதுவார்கள். சாதாரணக் கைப்பேசியிலும் தடையின்றி ஓடுகிறது. நிண்டெண்டோ கருவியையும் விளையாட்டையும் சேர்த்து வாங்குவது நம் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய செலவு. வாங்கிய பிறகும், போட்டிக்குத் தகுந்த ஆறு போக்கிமான்களைப் பிடித்து வளர்த்து எடுப்பதற்கு நிறைய நேரம் வேண்டும். ஷோடவுனில் அந்த வேலை எதுவும் இல்லை. ஒவ்வொரு போக்கிமானின் பெயரையும் தட்டச்சு செய்து, நான்கு மூவ்களையும் (அது களத்தில் செய்யும் செயல்கள்) ஓர் ஐட்டத்தையும் (அது அணியும் பொருள்) தேர்ந்தெடுத்து, வேகம், தாக்குதல் போன்ற திறன்களைக் கூட்டும் 510 ஈவி புள்ளிகளை ஒரு திறனுக்கு 252 க்கு மிகாமல் பங்கிட்டுவிட்டால் அணி தயார். வளர்ப்பதில் போகும் நேரம் முழுவதும் யோசிப்பதற்குக் கிடைக்கிறது என்பதே இத்தளத்தின் முதற்பெருமை.

முதலில் எல்லோரும் மோதி நிற்கும் இடம் வகைகளின் அட்டவணை. ஒவ்வொரு போக்கிமானும் ஒவ்வொரு மூவும் நெருப்பு, நீர், நிலம் என்பன போன்ற வகையைச் சேரும்; மொத்தம் 18 வகைகள். தாக்கும் வகை, தாங்கும் வகை என்று கட்டம் போட்டால் 324 கட்டங்கள். என் அக்கா மகன் ஒரு நீளநோட்டின் நடுப்பக்கத்தில் அதைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறான். இரட்டிப்பு அடி விழும் கட்டங்களுக்குச் சிவப்பு மையும், அடியே விழாத கட்டங்களுக்குப் பச்சை மையும் இட்டிருக்கிறான். அடிக்கடி புரட்டியதில் தாளின் ஓரம் நைந்துபோய்விட்டது. இந்த அட்டவணையை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. ரேண்டம் பேட்டில் என்ற பிரிவில் தளமே ஆறு போக்கிமான்களை நம் கையில் கொடுத்துவிடும்; அதில் நாள்தோறும் ஆடி வந்தால், எந்த வகை எதற்கு அஞ்சும் என்பது தானாக மனத்தில் பதிந்துவிடும்.

அட்டவணை பதிந்த பிறகுதான் உண்மையான ஆட்டம் தொடங்குகிறது. அங்கே முதலில் வருவது வேகம். யார் முன்னால் அடிக்கிறார் என்பதைக் கவனித்தால், எதிராளி வெளியில் காட்டாத பலவற்றை அறிந்துகொள்ளலாம். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கார்ச்சாம்ப் என்னும் போக்கிமானின் அடிப்படை வேகம் 102. லாண்டோரஸ் என்னும் மற்றொரு போக்கிமானின் தேரியன் வடிவத்துக்கு அது 91. இரண்டும் 100 ஆம் நிலையில் இருந்து, இரண்டுக்கும் வேகத்தை இயன்ற வரை கூட்டியிருந்தால், கார்ச்சாம்ப் 333 ஐத் தொடும். லாண்டோரஸ் 309 இல் நின்றுவிடும். ஒருநாள் மாலை நான் ஆடிக்கொண்டிருந்தபோது, முழு வேகம் கொடுத்திருந்த என் கார்ச்சாம்ப்பை முந்திக்கொண்டு எதிராளியின் லாண்டோரஸ் எர்த்குவேக் என்ற நிலவகை மூவை அடித்தது. அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன் உடனே சொன்னான்: “மாமா, நம்ம சாம்ப்புக்கு முன்னாடி அவன் அடிச்சிட்டான் பாருங்க. ஸ்கார்ஃப்தான் போட்டிருக்கான். இனிமே எர்த்குவேக்கைத் தவிர அவனால எதுவும் அடிக்க முடியாது. கார்விநைட்டை இறக்குங்க.”

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் வீணில்லை. சாய்ஸ் ஸ்கார்ஃப் என்ற ஐட்டத்தை அணிந்தால் வேகம் ஒன்றரை மடங்காகும். 309 என்பது 463 ஆகிவிடும். அதற்கு விலையாக, முதலில் தேர்ந்த மூவையே களத்தில் இருக்கும் வரை திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். நிலவகைத் தாக்குதல் பறப்பனவற்றைத் தொடாது என்பதால், பறக்கும் வகையான கார்விநைட் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே வரலாம். எதிராளி போக்கிமானை மாற்றியே ஆக வேண்டும். அந்தச் சுற்று நமக்கு இலவசம். திரையில் நடந்தது ஒரே ஓர் அடிதான். அதிலிருந்து ஐட்டம், அடுத்த மூவ், அடுத்த மாற்றம் ஆகிய மூன்றையும் வரிசையாக எடுத்துவிட முடிகிறது. இப்படிப் படித்தறியும் பழக்கம் வந்த நாளிலிருந்து இந்த ஆட்டம் எனக்கு வேறு ஆட்டமாகிவிட்டது.

அடுத்துக் கற்க வேண்டியது வாய்ப்புக் கணக்கு. ஹைட்ரோ பம்ப் என்ற நீர்வகை மூவின் வலிமை 110. ஆனால் நூற்றுக்கு 80 முறைதான் படும். அதே வகையிலான சர்ஃப்பின் வலிமை 90, அது தவறுவதில்லை. பெருக்கிப் பார்த்தால் ஹைட்ரோ பம்ப்பின் சராசரி 88 தான். இதைக் கொண்டு சர்ஃப்பே சிறந்தது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. எதிரில் நிற்பதை ஒரே அடியில் வீழ்த்த 110 தேவைப்பட்டு, வீழ்த்தாவிட்டால் அடுத்த சுற்றில் நமக்குத் தோல்வி உறுதி என்ற நிலை இருந்தால், 80 விழுக்காட்டை நம்பி இறங்குவதே சரி. சர்ஃப்பே வீழ்த்திவிடும் என்றால் ஹைட்ரோ பம்ப்பைத் தொடக்கூடாது. அடியின் அளவும் ஒவ்வொரு முறையும் 85 முதல் 100 விழுக்காடு வரையிலான 16 படிகளில் ஏதேனும் ஒன்றில் விழுகிறது. டேமேஜ் கால்குலேட்டரில் இரு பக்க விவரங்களையும் இட்டால், அந்த 16 இல் எத்தனை படிகள் வீழ்த்தும் என்பதைக் காட்டிவிடும். ஆட்டத்தின் நடுவே அதைத் திறந்து பார்ப்பதில் தவறில்லை. கடிகாரம் ஓடுகிறது என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலான பாடம் ஒன்று உண்டு. மிகத் தாமதமாகக் கைவருவதும் அதுவே. இரு அணிகளும் திரையில் தெரிந்த அந்த முதல் நொடியிலேயே, என் ஆறு போக்கிமான்களில் எது கடைசி வரை உயிரோடு இருந்தால் எனக்கு வெற்றி என்பதை நான் தீர்மானித்துவிட வேண்டும். எதிரணியில் பறப்பனவும் நிலவகைக்கு ஈடுகொடுப்பனவும் இல்லையென்றால் என் கார்ச்சாம்ப்தான் அந்த ஆள். அதன் பின் மற்ற ஐந்தும் அதற்காகவே ஆடப்படும். தேவைப்பட்டால் அவற்றுள் ஒன்றிரண்டை அறிந்தே இழக்க நேரிடும். ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டுக்காரர் ஓர் ஆட்டைப் புலிக்கு விட்டுக்கொடுத்து மற்றொரு பக்கம் வழியை அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. புதியவர்கள் ஆறையும் சமமாகக் காக்க முயல்கிறார்கள். அடிபட்டதைப் பின்னிழுத்து, நலமாக இருந்ததை அடிவாங்க விடுகிறார்கள். உள்ளே வருபவற்றைக் காயப்படுத்தும் ஸ்டெல்த் ராக் என்ற கற்கள் களத்தில் இருக்கும்போது இந்தப் பழக்கம் இன்னும் பெரிய இழப்பைத் தரும்: சாரிசார்டு போன்ற நெருப்பும் பறத்தலும் சேர்ந்த ஒன்று, பாதுகாப்புக் காலணி அணியாமல் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் பாதி உயிரை இழந்துவிடும்.

இந்தப் பாடத்தை ஷோடவுன் தானாகச் சொல்லித் தராது. ஆட்டம் முடிந்ததும் யார் வென்றார், மதிப்பெண் எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்பதைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது; எந்தச் சுற்றில் ஆட்டம் கைநழுவியது என்பதை நாம்தான் தேட வேண்டும். அதற்கான கருவியைத் தளமே தருகிறது என்பது பாராட்டத்தக்கது. ஒவ்வோர் ஆட்டத்தையும் ரீப்ளேயாகச் சேமித்து, சுற்றுச் சுற்றாக நிறுத்திப் பார்க்கலாம். தோற்ற ஆட்டத்தை அன்றே பார்க்காமல் ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பது என் வழக்கம். அப்போது இருவர் ஆடியதையும் வேறு யாரோ ஆடியதைப் போலப் பார்க்க முடிகிறது. ஒரு மாலையில் ஐந்து ஆட்டம் ஆடுவதை விட இரண்டு ஆடி ஒன்றைத் திருப்பிப் பார்ப்பதால் ஆட்டம் தெளிவாக வளர்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

பிரிவுகளைப் பற்றியும் ஒரு சொல். ஓயூ, யூயூ என்று, போட்டி ஆட்டக்காரர்களின் இணையச் சமூகமான ஸ்மோகன் குழுவினர் வகுத்துள்ள பிரிவுகள் பெரும்பாலும் பயன்பாட்டின் அடிப்படையில் அமைந்தவை. எந்தப் போக்கிமானை எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்ற புள்ளிவிவரம் மாதந்தோறும் வெளிவருகிறது. அதைப் படிப்பது மிகப் பயனுள்ளது. ஆனால், அதில் கீழே இருப்பது பயனற்றது என்று எண்ணிவிடக்கூடாது. 2014 இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செ ஜுன் பார்க், எவரும் பொருட்படுத்தாத பச்சிரிசுவை, ஒரே நேரத்தில் இரண்டு போக்கிமான்களைக் களமிறக்கும் இரட்டையர் ஆட்டத்துக்கான தன் அணியில் சேர்த்து வாகை சூடினார். ஃபாலோ மீ என்ற மூவால் எதிரிகளின் அடியைத் தன் மேல் ஈர்த்து, பக்கத்தில் நின்ற கியாரடோஸைக் காத்தது அந்தச் சிறு அணில். தன் அணிக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்பதை அறிந்து, அந்த வேலைக்கு ஏற்றதைத் தேடியவரின் வெற்றி அது.

குறைகளும் இருக்கின்றன. இடைமுகம் தமிழில் இல்லை. ஆங்கிலம் தடையாக இருக்கும் சிறுவருக்கு அருகில் ஒருவர் அமர்ந்து சொல்லித் தர வேண்டியிருக்கிறது. அரட்டைப் பகுதியில் தோற்றவர்கள் சில வேளை தரக்குறைவாக எழுதுகிறார்கள். எழுதுபவரின் செய்திகளை மறைக்கும் வசதி உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே காட்டிவிடுவது நல்லது. போக்கிமான் விளையாட்டுகளின் ஒன்பதாம் தலைமுறையில் வந்த டெராஸ்டல் என்ற வசதி, ஆட்டத்துக்கு ஒருமுறை ஒரு போக்கிமானின் வகையையே மாற்றிவிட இடம் தருவதால், அட்டவணையை அப்போதுதான் பழகி வருபவரைக் குழப்புகிறது. அவர்களுக்கு முந்தைய தலைமுறை ஆட்டங்களைத் தேர்ந்துகொள்ளும் வசதி கைகொடுக்கும். ரயிலில் திருவலம் பாலத்தைத் தாண்டிய பிறகு எனக்கு அடிக்கடி இணையம் அறுந்துவிடும். ஆட்டம் தளத்திலேயே காத்து நிற்கும் என்பதால், கடிகாரம் முடிவதற்குள் தொடர்பு கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம், கிடைக்காவிட்டால் தோல்விதான். ஆகவே மதிப்பெண் ஏறி இறங்கும் ஆட்டங்களை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, ரயிலில் ரீப்ளேக்களைப் பார்க்கிறேன்.

தொடங்க விரும்புவோர் இரண்டு மூன்று மாதம் ரேண்டம் பேட்டிலில் ஆடிவிட்டு, ஸ்மோகன் வெளியிடும் மாதிரி அணிகளில் ஒன்றை அப்படியே எடுத்து, ஒன்றையும் மாற்றாமல் ஆடிப் பழகுவது நல்லது. மதிப்பெண் 1000 த்திற்குக் கீழே இறங்குவதில்லை. எனவே தோற்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அந்த அணியில் ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்த பிறகு சொந்த அணி கட்டலாம். நானும் அக்கா மகனும் இப்போது இரட்டையர் ஆட்டத்துக்கு மாறியிருக்கிறோம். ஆறைக் காட்டி நான்கை மட்டும் களமிறக்கும் அந்த முறையில், ஒரு சுற்றின் அடியைத் தடுக்கும் புரொடெக்ட் என்ற மூவ்தான் உயிர்நாடி; அடுத்தடுத்து இரண்டாம் முறை இட்டால் மூன்றில் ஒரு வாய்ப்புதான் பலிக்கும் என்பதால், எந்தச் சுற்றில் இடுவது என்பதைத்தான் இருவரும் ஞாயிறு மாலைகளில் பழகி வருகிறோம்.