எஸ்சிஎக்ஸ்10 கிட்: சேலத்தில் பூட்டி, ஏற்காட்டில் ஓட்டிய பிறகு

ஆக்சியல் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட எஸ்சிஎக்ஸ்10 இரண்டாம் பதிப்பின் கிட்டை, அதாவது முழு வண்டியாக இல்லாமல் உதிரிகளாகவே பெட்டியில் வரும் ரிமோட் ஜீப்பை, ஒன்றரை ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். 2020-இல் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டதால் இதைப் பிரிக்காத பெட்டியாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் வாங்கி வைத்துவிட்டுக் கட்ட நேரமில்லாமல் போன ஒருவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. பொறுமையாகக் கட்ட மனமுள்ளவருக்கு இதைவிடச் சிறந்த தொடக்கத்தை என்னால் சொல்ல முடியாது. ஆனால் கட்டி முடித்த பிறகு எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பதால், அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

இது வேகமாக ஓடும் வண்டி அன்று. 1:10 அளவிலான கிராலர்; மனிதர் நடக்கும் வேகத்தில், பாறைமேல் ஒவ்வொரு சக்கரமாக எடுத்து வைத்து ஏறுவதுதான் இதன் வேலை. எஃகுச் சட்டம், முன்னும் பின்னும் முழு ஆக்சில்கள், அதிர்வைத் தாங்கும் நான்கு ஷாக்குகள், 2000-ஆம் ஆண்டு ஜீப் செரோக்கியின் வடிவில் லெக்சான் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் செய்த, நிறம் பூசப்படாத கூடு ஆகியவை பெட்டியில் இருக்கின்றன. மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., திசை திருப்பும் சர்வோ, ரிமோட், பேட்டரி, சார்ஜர் ஆகிய எதுவும் பெட்டியில் இருக்காது. கிட்டின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் இந்தப் பட்டியலுக்கும் ஏறக்குறைய அதே அளவு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டுவதற்கு எனக்கு ஒன்பது மாலைகள் ஆயின. ஆக்சிலுக்குள் இருக்கும் கியர்களில் டிஃபரன்ஷியல் கிடையாது; இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒரே தண்டில் பூட்டியதுபோல எப்போதும் சேர்ந்தே சுழலும். வளைவில் திரும்பும் வட்டம் அதனால் பெரிதாகும் என்றாலும், ஒரு சக்கரம் காற்றில் தொங்கும்போது மறு சக்கரம் இழுவையை விடாமல் இருப்பதற்கு அதுவே காரணம். கியர்களுக்குக் கிரீஸ் தடவுவதில் கஞ்சத்தனம் கூடாது; பின்னால் திறந்து பார்ப்பது பெரிய வேலை. உலோகத்தில் உலோகம் இறங்கும் திருகுகளுக்கு மட்டும் திருகு கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு துளி இட வேண்டும், பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுக்கு அதை இடவே கூடாது, சில வகைப் பிளாஸ்டிக்குகள் அதனால் வெடித்துவிடும். பிளாஸ்டிக்கில் திருகை இறுக்கும்போது கை சற்றே கனத்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பதை நான் இரண்டு ஓட்டைகளைப் பாழாக்கிய பிறகே கற்றேன். மோட்டார் தண்டில் உள்ள சிறு கியரான பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய கியருக்கும் இடையில் ஒரு துண்டு நோட்டுத்தாளை விட்டு மோட்டாரை இறுக்கி, பிறகு தாளை உருவினால் இடைவெளி சரியாக அமையும். கூட்டுக்கு உட்புறத்திலிருந்துதான் நிறம் அடிக்க வேண்டும், அதுவும் லெக்சானுக்கென்றே வரும் பெயின்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரே முதல் மோதலிலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

மோட்டாராக 35 டர்ன், அதாவது 35 கம்பிச் சுற்று கொண்ட, 540 என்ற அளவிலான சாதாரண மோட்டாரையும், ஈ.எஸ்.சி.யாக ஹாபிவிங் குவிக்ரன் 1080-ஐயும் வைத்தேன். இந்த ஈ.எஸ்.சி. கிராலருக்கென்றே செய்யப்பட்டது; விசையை விட்டதும் சரிவிலேயே வண்டி அப்படியே நிற்கும்படி டிராக் பிரேக்கை முழுமையாக வைத்துக்கொள்ளலாம், தனியாக வரும் சிறு அட்டையைச் செருகி அமைப்புகளை மாற்றலாம். நான் இடறியது சர்வோவில்தான். திருப்பு விசை 20 கிலோ என்று அச்சிட்ட, பெயர் தெரியாத மலிவான ஒன்றை வாங்கினேன். இரண்டு பாறைகளுக்கு நடுவில் முன் சக்கரம் சிக்கியபோது அதன் பல் உடைந்து, திருப்பும் விசையே போயிற்று. அடுத்து வாங்கிய 25 கிலோ சர்வோ உறுதியானதாக இருந்தாலும், அது திணறும் நேரத்தில் ஈ.எஸ்.சி. தரும் மின்சாரம் போதாமல், ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவர் ஒரு நொடி அணைந்து அணைந்து எரிந்தது. சர்வோவுக்கென்று தனியாக ஒரு பி.இ.சி.யை, அதாவது பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சீராகத் தரும் சிறு கருவியை, பேட்டரியிலிருந்து நேரடியாக இணைத்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. யாராவது என்னிடம் முதல் மேம்பாடு எது என்று கேட்டால், பல்லெல்லாம் உலோகத்தாலான நல்ல சர்வோவும் அதற்கான தனி பி.இ.சி.யும் என்றே சொல்வேன்.

வண்டியை உண்மையாகச் சோதிக்கச் சேலத்தைவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறியாக வேண்டும். ஏற்காட்டில் நண்பர் குடும்பத்தின் காப்பித் தோட்டத்தில், அவர்கள் அனுமதியோடு ஓட்டுகிறேன். சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட் வகையைச் சேர்ந்தது. கருமையான, சொரசொரப்பான இந்தப் பாறை காய்ந்திருக்கும்போது டயர் உப்புத்தாளில் நிற்பதுபோல் நிற்கும். அதே பாறை ஐப்பசி மழையில் பாசி பிடித்தால் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். சில்வர் ஓக் மரங்களின் இலைகள் காப்பிச் செடிகளுக்கு நடுவே கணுக்காலளவு குவிந்து கிடக்கும் இடத்தில், மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருப்பதால், டயரின் பள்ளங்கள் அடைபட்டுச் சக்கரம் வெறுமனே சுழலும். கிட்டோடு வந்த டயர்கள் காய்ந்த பாறையில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தன. இலைக் குவியலுக்கு மட்டும் இன்னும் மென்மையான ரப்பரும் ஆழமான பள்ளங்களும் உள்ள ஒரு செட் 1.9 அங்குல டயர்களைத் தனியாக வைத்துக்கொண்டேன்.

டயரைவிடப் பெரிய சிக்கல் செங்குத்தான ஏற்றத்தில் தெரிந்தது. சரிவு கூடக்கூட வண்டியின் பாரம் பின் சக்கரத்தின்மேல் சாய்கிறது. முன் சக்கரம் கனம் இழந்து தூக்கிக்கொள்ள, வண்டி மல்லாந்து விழுகிறது. வீட்டில் சமையலறைத் தராசில் முன் சக்கரங்களையும், அதே உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்களின்மேல் பின் சக்கரங்களையும் வைத்து நிறுத்துப் பார்த்தேன். மொத்தம் 2310 கிராமில் முன்புறம் 1180 கிராம்தான் இருந்தது, அதாவது ஏறக்குறையச் சரிபாதி. ஏற்றத்துக்கு முன்புறம் இன்னும் கனமாக இருக்க வேண்டும், அந்தக் கனமும் தரையை ஒட்டி, ஆக்சிலின் மட்டத்திலேயே இருக்க வேண்டும்.

இப்படிக் கனம் சேர்ப்பதற்கான பித்தளைப் பாகங்கள் வெளிநாட்டில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஆனால் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்ட பிறகு, இந்தப் பொழுதுபோக்குக்காக வெளியிலிருந்து எதை வரவழைத்தாலும் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். இந்த மதிப்புரையில் நான் மனதாரப் பாராட்ட விரும்புவது அந்தப் பட்டறையைத்தான். முன் ரிம்மின் உட்குழியில் உட்காரும் பித்தளை வளையம் எனக்குத் தேவைப்பட்டது: வெளி விட்டம் 40 மி.மீ., உள் விட்டம் 24 மி.மீ., தடிமன் 8 மி.மீ. தடித்த அட்டையில் அதே அளவில் வெட்டி ரிம்முக்குள் பொருத்தி, திரும்பும்போது, சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகமான நக்கிளில் உரசுகிறதா என்று பார்த்த பிறகே கொண்டுபோயிருந்தேன். பட்டறைக்காரர் அட்டையையும் ரிம்மையும் வாங்கி வெர்னியரால் ஒருமுறை அளந்துவிட்டு, "ரிம்மு பிளாஸ்டிக்குங்க, இறுக்கமா வச்சா வெடிச்சிரும், ஒரு நூலு கம்மி பண்ணிக்கலாங்களா?" என்று கேட்டார். நான் யோசிக்காத ஒன்று அது. அரை மணி நேரத்தில் இரண்டு வளையங்களும் ஓரம் மழித்து, கையைக் கீறாத வழவழப்போடு வந்தன. ஒவ்வொன்றும் சுமார் 54 கிராம். இதே அளவில் அலுமினியத்தில் கடைந்திருந்தால் 17 கிராம்தான் வந்திருக்கும். பேட்டரியையும் ஒரு சிறு தகட்டை வளைத்து முன்பக்கம் நகர்த்தினேன். இப்போது மொத்தம் 2420 கிராமில் முன்புறம் 1400. முன்பு மூன்றில் இரண்டு முறை மல்லாந்த அதே பாறையில் வண்டி இப்போது நிதானமாக ஏறி, உச்சியில் நிற்கிறது. அந்த முதல் ஏற்றத்தைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறக்க முடியாது.

பளபளக்கும் அலுமினியப் பாகங்களைப் பற்றி ஒரு சொல். ஷாக் தாங்கி, கியர் பெட்டியின் மூடி, பம்பர் என்று எல்லாவற்றுக்கும் நீலத்திலும் சிவப்பிலும் கிடைக்கின்றன. சட்டத்துக்கு மேலே பூட்டும் ஒவ்வொரு உலோகமும் பாரத்தை உயரத்துக்குக் கொண்டுபோய், பித்தளையால் பெற்ற பயனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கிட்டின் பிளாஸ்டிக் வளைந்து கொடுத்து மீளக்கூடியது. ஒன்றரை ஆண்டில் நான் அதில் எதையும் மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. கூரைமேல் ஏற்றும் சாமான் தாங்கியும் விளக்குகளும் அழகுதான், ஏற்றம் ஏறும் வண்டிக்கு அவை வேண்டாம்.

சேலத்தின் வெயில் பற்றியும் எச்சரித்தாக வேண்டும். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும். அந்த நிலையில் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைப்பது ஆபத்தானது. மலைக்குப் போகும் நாளின் காலையில் மட்டும் சார்ஜ் ஏற்றுகிறேன். திரும்பி வந்ததும் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, மண்தொட்டியில் வைக்கிறேன். ஈர இலையில் ஓட்டிய அன்றே சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் அடுத்த வாரம் அவை கரகரக்கும்.

சக்கரத்துக்கு அருகில் கியர் வைத்து ஆக்சிலை உயர்த்திய போர்ட்டல் வகை வண்டிகள், 2017-இல் வந்த டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 போன்றவை, ஆக்சிலின் நடுப்பகுதி கல்லில் தட்டாமல் கடப்பதில் இதைவிட மேலானவை. கட்டும் அனுபவம் வேண்டாம், ஓட்டினால் போதும் என்பவர் அவற்றையே வாங்கலாம். எனக்கு இதன் ஒவ்வொரு திருகும் எங்கே இருக்கிறதென்று தெரியும் என்பதால், ஏற்காட்டின் பகோடா முனைப் பக்கம் ஒருநாள் முன் தண்டு கழன்றபோது இரண்டு எல்-கீ சாவிகளோடு பாறைமேல் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் பூட்டிவிட்டேன். அடுத்ததாகப் பின் ஷாக்குகளுக்கு இன்னும் மென்மையான ஸ்பிரிங்குகளைப் போட்டுப் பார்க்க இருக்கிறேன்; முன்புறம் கனத்த பிறகு பின்புறம் சற்று விறைத்து நிற்பதாகத் தோன்றுகிறது.